மூன்றாம் ரீலில் மணி நாலு பத்து

டுலூத்தில் பிப்ரவரி கடைசி வெள்ளி.
ஏரிக்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்,
காசு கொடுத்து, தெரிந்தே,
ஒரு மோசமான படத்தைப் பார்க்க.

மேலே புரொஜெக்டர் அறையில் நான்.
முப்பத்தொரு தடவை ஓட்டியிருக்கிறேன்.
'ஒன்பதாம் நிலவின் பசி', 1958.
ஆறே நாள் படப்பிடிப்பு.
கலிபோர்னியப் பாலையில் கைவிடப்பட்ட
சுண்ணாம்புக் குவாரிதான் நிலவு.
பணம் போட்டவர் ஹார்லன் ப்ரூயட், மெத்தைக் கடைக்காரர்.
ஆகவே விண்கலத்தில்
படுக்கைகள் மட்டும் அசல்.

கலம் பறக்கிறது. நூலும் பறக்கிறது.
நள்ளிரவில் எல்லார் காலடியிலும்
குள்ளமாய் ஓர் உச்சிவெயில் நிழல்.
கேப்டன் யோசிக்கும்போதெல்லாம்
கண்ணாடி இல்லாத ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டு
மூக்கைச் சொறிந்துகொள்கிறார்.
ஒன்று, என்கிறது கூட்டம். பிறகு, இரண்டு.
எந்திரப் பலகையின் நடுவில்
ரொட்டி வாட்டும் டோஸ்டர்.
அதன் பிடியை அழுத்தினால்தான் கலம் கிளம்பும்.
'வெண்ணெய்!' என்று நூறு தொண்டை.
நானும்தான் கத்துவேன்,
கண்ணாடித் துவாரத்துக்கு இந்தப் பக்கம்.

அப்புறம் அது வருகிறது.
முட்டை அட்டையில் முதுகு,
தோட்டத்துக் குழாயில் கை,
நுனியில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை.
உடம்பு முதலில் திரும்பும்;
தலை, சற்று யோசித்து, பின்னால் வரும்.
உள்ளே இருந்தவர் பெயர்
தொடக்கத்தில் வெண்டல் ஓக்ஸ், முடிவில் வென்டன் ஓக்.

மூன்றாம் ரீல்.
மின்னல் துப்பாக்கி அதைச் சுட்டுப் பொசுக்க வேண்டும்.
துப்பாக்கி எரியவில்லை.
அது நாலடி வைக்கிறது, நிற்கிறது,
வகுப்பில் சந்தேகம் கேட்கிறவனைப் போல
ஒரு கையைத் தூக்குகிறது,
விழுகிறது.
படம் முழுக்க வேறெவரும்
இவ்வளவு நன்றாக நடிக்கவில்லை.

விஞ்ஞானியாக வரும் லோர்னா டீஸ்டேல்
ஓடி வந்து மண்டியிடுகிறாள்.
ரப்பர் உறையை நகத்தால் கிழிக்கிறாள்.
உதடு என்னவோ சொல்ல, ஒலிப்பதிவில் வேறு யாரோ:
'பாவம், நம் காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.'
பிறகு, இருபத்து நான்காம் நூற்றாண்டின் விஞ்ஞானி
தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

'நாலு பத்து!'
அரங்கம் அதிர்கிறது. இதற்காகத்தான் வருகிறார்கள்.
சிலர் பனியனில் அச்சடித்தே போட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் படம் விட்டதும்
கிர்ஸ்டி ஹாபலா மாடியேறி வந்தாள்.
நர்ஸ் உடுப்பு, மேலே கம்பளிக் கோட்டு,
அரைமணியில் இரவு டியூட்டி.
'அவள் மணி பார்க்கவில்லை' என்றாள்.
'இன்னொரு கையைக் காட்டு.'
ரீலைத் திருப்பி, ஃபிரேம் ஃபிரேமாக
விளக்கில் பிடித்துப் பார்த்தோம்.
கிழிந்த உறைக்குள் இரண்டு விரல்.
உதடு எண்ணிக்கொண்டிருந்தது.
கேமராவுக்குப் பின்னால் யாரிடமோ
வாய் திறக்கிறாள்; அங்கேயே வெட்டு.

'பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கணும்.
ஒன்பதில் வெட்டிவிட்டார்கள்.'
சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.
என் தூக்கமும் கூடவே போனது.

விடியும்வரை மற்ற ரீல்களைத் துழாவினேன்.
முதல் ரீலில், கதைப்படி இரண்டு நாள் முன்னால்,
குகை வாசலில் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.
இடது கை உறையில்
கறுப்பு டேப்.
இன்னும் கிழியாத இடத்தில்
கிழிசலுக்கு ஒட்டு.

அப்படியென்றால் சாவைத்தான் முதலில் எடுத்தார்கள்.
அப்படியென்றால் எழுந்துவிட்டார்.

'வேறு ஆளை உள்ளே விட்டிருக்கலாம்' என்றாள் கிர்ஸ்டி, போனில்.
விட்டிருக்கலாம். மெத்தைக்காரர் செய்யக்கூடியவர்தான்.
ஆனால் உடம்பு முதலில் திரும்புகிறது.
தலை, சற்று யோசித்து.
உடுப்பின் கோளாறாகவும் இருக்கலாம், தெரியும்.

இந்த வருஷம் கீழே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.
குகை வாசலில் அது வந்ததும்
'டேப்!' என்று புதுக் கூச்சல்,
நாலைந்து குரல்தான், இன்னும் பழகவில்லை.
அவர்களைவிட உரக்க
மேலேயிருந்து நான்.